முரட்டு வேலைக்கு ஒரு வாட்ச்: வாங்கும் முன் இழுப்பறையைத் திறங்கள்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் இழுப்பறையில் நான்கு செத்த வாட்ச்கள் கிடக்கின்றன. ஒன்று, மஸ்கட்டிலிருந்து வந்த மாமா தந்த தங்க முலாம் வாட்ச். முலாம் போன இடமெல்லாம் பச்சைக் களிம்பு. இரண்டாவதில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து முள் நின்றுவிட்டது. மூன்றாவதன் தோல் வார் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து இற்றுப்போனது. புது வார் போடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே செல்லும் தீர்ந்துவிட்டது. நான்காவது, செல் மாற்றக் கொடுத்த கடையிலிருந்து நன்றாக ஓடியபடி திரும்பி வந்து மூன்றாம் மாதம் நின்றது. ஐந்தாவது இழுப்பறையில் இல்லை. அது பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள் கிடக்கிறது.

ஐந்தில் ஒன்றுகூடக் கீழே விழுந்து உடையவில்லை. வாட்ச் விளம்பரங்களில் சுத்தியல் அடிக்கும், லாரி ஏறும். குமரி மாவட்டத்தில் நான் பார்த்த வாட்ச்களைக் கொன்றவை உப்பு, வியர்வை, ஆசிட், மணல், வாரைப் பிடிக்கும் ஒற்றைப் பின், அக்கறையில்லாமல் திறக்கப்பட்ட பின்மூடி. இவற்றை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. செத்தவற்றைப் பரிசோதியுங்கள்

உங்கள் வீட்டிலும் இரண்டு மூன்று இருக்கும். எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். உடலின் அடிப்பக்கம் பச்சை படிந்திருந்தால் அது முலாம் பூசிய பித்தளை. உங்கள் வியர்வை முலாமைத் தின்றிருக்கிறது. அடுத்தது எஃகிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். முகப்பில் கறை வளையம் தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கண்ணாடி மங்கிப்போயிருந்தால் உங்கள் வேலையில் மணல் அதிகம். எந்திரம் நன்றாக இருந்து வார் மட்டும் போயிருந்தால், எளிதில் வார் கிடைக்கும் வடிவமாகப் பார்க்க வேண்டும். இந்த ஐந்து நிமிடப் பரிசோதனை, கடைக்காரரின் அரைமணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லித்தரும்.

2. கை என்ன வேலை செய்கிறது?

குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பார்கள். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். நேரம் பார்க்கப் போனை எடுக்கலாமே என்பவர்கள், ஒருமுறை ரப்பர் பால் அப்பிய விரலால் போனைத் தொட்டுப் பார்க்கட்டும். இந்த வேலையில் வாட்சுக்கு நான்கு எதிரிகள். பால் துணியில் பட்டால் கறை போகாது என்பது நமக்குத் தெரியும். நைலான் வாரிலும் அப்படித்தான். வழவழப்பான பிளாஸ்டிக் வாரில் காய்ந்தால் உரித்து எடுத்துவிடலாம். ரப்பர் ஷீட்டுக்காகப் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் தோலையும் முலாமையும் விடாது. பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா பித்தளைக்கு ஆகாது. பித்தளையில் வெடிப்பையே உண்டாக்கும். நான்காவதை யாரும் நினைப்பதில்லை. கொசுவுக்காகக் கையில் தடவும் களிம்புகள் பலவற்றில் டீட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து மங்கலாக்கும். களிம்பைத் தடவி, அது காய்ந்த பிறகு வாட்சைக் கட்டுங்கள்.

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு உப்பு ஒன்றே போதும் எதிரியாக. சாதாரண எஃகும் உப்பில் குழிபடும். வாருக்கு அடியில், பின்மூடியின் விளிம்பில், உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும் சந்தில்தான் அது தொடங்கும். புத்தளம், சுவாமித்தோப்பு உப்பளங்களில் நிற்பவர்களுக்கும் இதே கதைதான்.

கொத்தனார் வேலை, வயல் வேலை, கல் வேலை என்றால் மணலும் சிமெண்டும். நாள் முழுக்க பைக்கிலோ லாரியிலோ போகிறவர்களுக்கு அதிர்வு; இது சாவி கொடுக்கும் வாட்சைத்தான் பாதிக்கும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரப்பர் ஷீட் அடிக்கும் உருளை, படகின் வின்ச், கான்கிரீட் கலவை இயந்திரம் ஆகியவற்றின் அருகில் கையில் எந்த வாட்சும் வேண்டாம். வார் சிக்கினால் கையும் போகும். மின்வேலை செய்கிறவர்கள் உலோகச் செயினைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பொத்தான் போட்ட சட்டைப் பையே அப்போது வாட்சுக்கான இடம்.

3. உள்ளே ஓடுவது எது?

அப்பாவிடம் ஒரு எச்எம்டி ஜனதா இருந்தது. காலையில் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கட்டுவார். வயலில் இறங்கும் முன் கழற்றி, துண்டில் முடிந்து வரப்பில் வைப்பார். அது முப்பது வருடம் ஓடியதன் ரகசியம் அவ்வளவுதான்: அதை அவர் முரட்டு வேலைக்குக் கொண்டுபோகவே இல்லை. எச்எம்டி வாட்ச் எந்திரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், சாவி கொடுப்பதோ கை அசைவில் ஓடும் ஆட்டோமேட்டிக்கோ, மண்வெட்டி பிடிக்கும் கைக்கு வேண்டாம். தலைமுடியைப் போன்ற சுருள்வில்லும் ஊசிமுனை அச்சும் அதிர்ச்சியைத் தாங்கப் பிறந்தவை அல்ல. சுருள்வில் காந்தம் ஏறினால் வாட்ச் வேகமாக ஓடவும் தொடங்கும்.

செல் போடும் குவார்ட்ஸ் வாட்சில் நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகம் நேரத்தைக் காக்கிறது. முள் உள்ள குவார்ட்ஸ் வேலைக்குப் போதும்; பலத்த அடியில் முள் கழன்றுபோவது மட்டும் உண்டு. எண் காட்டும் டிஜிட்டலில் கழலுவதற்கு முள்ளும் இல்லை, சுழலும் சக்கரமும் இல்லை. முரட்டு வேலைக்கு என் ஓட்டு டிஜிட்டலுக்கே.

செல்லின் ஆயுளையும் கேளுங்கள். 2 ஆண்டு செல் என்றால் பத்தாண்டில் நான்கைந்து முறை பின்மூடியைத் திறக்க வேண்டும். 7 அல்லது 10 ஆண்டு செல் என்றால் ஒன்றோ இரண்டோ முறைதான். தண்ணீர் உள்ளே போவதற்கான ஒரு பெரிய வாய்ப்பு, திறந்து மூடும்போது உண்டாவது. வெயிலில் சார்ஜ் ஆகும் சோலார் வாட்சின் பெரிய நன்மையும் செல் காசு மிச்சம் என்பதல்ல, மூடி திறக்கப்படாமல் இருப்பது. ஆனால், அதை இழுப்பறை இருட்டில் மாதக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது.

4. தண்ணீர்க் கணக்கு

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. பின்மூடியில் 30 மீட்டர் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, கிணற்றில் குதித்தால் என்ன என்று நினைக்கிறோம். அந்த எண் உங்கள் கை போகக்கூடிய ஆழத்தைச் சொல்லவில்லை. புத்தம்புது வாட்ச், அசையாத தண்ணீர், ஆய்வகம் என்ற நிலையில் அது தாங்கிய அழுத்தத்தின் பெயர் அது. 10 மீட்டருக்கு ஒரு பார் என்ற அழுத்தக் கணக்கில் 30 மீட்டர் என்பது 3 பார். திற்பரப்பு அருவியின் அடியில் நின்றால் விழும் தண்ணீரின் அடி வேறு, ஆய்வகத்தில் நிற்கும் தண்ணீர் வேறு.

நடைமுறையில் நான் வைத்திருக்கும் கணக்கு இது. மீட்டரே போடாமல் வாட்டர் ரெசிஸ்ட் என்று மட்டும் இருந்தாலும், 30 மீட்டர் என்று இருந்தாலும், மழைக்கும் கை கழுவுவதற்கும் மட்டும். 50 மீட்டர் என்றால் குளத்தில் கொஞ்சம் நீந்தலாம். 100 மீட்டர் என்றால் கடல், ஆறு, அருவி எதற்கும் பயப்பட வேண்டாம். வருடத்தில் இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. தண்ணீரில் வேலை செய்கிற யாரும் 100 மீட்டருக்குக் கீழே பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கடலில் மூழ்குகிறவர்களுக்கு 200 மீட்டர். முறையான மூழ்கு வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்ற தனித் தரமே உண்டு. சாதாரண நீர்க்காப்புக்கு 22810. இரண்டும் வேறு வேறு தேர்வுகள்.

தண்ணீரைத் தடுப்பது பின்மூடிக்கு அடியிலும், சாவிக் குமிழிலும், பொத்தான்களிலும் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள். நூலளவு தடிமன். வாட்ச் எவ்வளவு விலையாக இருந்தாலும் காவல் நிற்பது இவைதான். சோப்பும் சுடுதண்ணீரும் இவற்றைக் கெடுக்கும். வயதானால் தாமாகவே விறைத்துப்போகும். தண்ணீருக்குள் கை இருக்கும்போது பொத்தானை அழுத்தாதீர்கள். முள் வாட்சில் குமிழ் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். திருகி மூடும் குமிழ் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் திருக மறந்தால் அது திறந்த கதவு.

5. உடலும் கண்ணாடியும்

உடலுக்கு மூன்று தேர்வுகள். பிளாஸ்டிக், அதாவது ரெசின், களிம்பு ஏறாது, துருப்பிடிக்காது, எடை குறைவு. பல வருடங்களில் வியர்வையிலும் ஈரத்திலும் மெல்ல இறுகி வெடிக்கும். எஃகு என்றால் 316எல் என்று கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். டைட்டேனியத்தைக் கடல் ஒன்றும் செய்யாது, விலைதான் செய்யும். பின்மூடி மட்டும் எஃகு என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு உடலைப் பித்தளையில் செய்யும் வழக்கம் உண்டு. பொடி எழுத்தையும் படியுங்கள்.

கண்ணாடியைப் பற்றி நம்மூருக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. பொருள்களின் கடினத்தை அளக்க மோஸ் என்ற 1 முதல் 10 வரையிலான அளவு உண்டு. அதிக எண்ணுள்ளது குறைந்த எண்ணுள்ளதைக் கீறும். வாட்ச் முகப்பில் வருபவற்றில், பிளாஸ்டிக் வகையான அக்ரிலிக் சுமார் 3. சாதாரண கண்ணாடி வகையான மினரல் கண்ணாடி ஐந்தரையிலிருந்து ஆறு. செயற்கை நீலக்கல்லான சஃபையர் 9. ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கல் 7. ஆகவே எந்த ஊர் மணலும் மினரல் கண்ணாடியைக் கீறும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலோ இல்மனைட், மோனசைட்டோடு கார்னெட்டும் சிர்கானும் இருக்கின்றன. கார்னெட் 7 சுற்றுவட்டாரம், சிர்கான் ஏழரை. உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல்தான் கார்னெட். நம் கரையோரங்களில் சிவப்பாக மினுங்கும் அந்த மணலில் கையை ஊன்றி எழுந்தாலே போதும், கோடு விழுந்துவிடும்.

அப்படியானால் எல்லோருக்கும் சஃபையர்தானா? இல்லை. சஃபையர் கீறாது, ஆனால் கல் முனையில் நேராக அடித்தால் சில்லாக உடையும். கடலோரத்தில், சிமெண்டில், அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது ஏற்றது. கல் உடைக்கிறவர்களுக்கும் மரம் ஏறுகிறவர்களுக்கும் அக்ரிலிக் நல்லது. நிறையக் கீறும், எளிதில் உடையாது. கீறியதைப் பற்பசை தொட்டு மென்துணியால் பத்து நிமிடம் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். சஃபையரிடம் இந்த வைத்தியம் பலிக்காது.

எந்தக் கண்ணாடியானாலும் அதைச் சுற்றியுள்ள விளிம்பு கண்ணாடியைவிட ஒரு மயிரிழையாவது உயர்ந்து நிற்க வேண்டும். வாட்சைக் கவிழ்த்து மேஜைமேல் வையுங்கள். மேஜையைத் தொடுவது விளிம்பா, கண்ணாடியா? கண்ணாடி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6. வாரும் பின்னும்

பேச்சிப்பாறை வழியில் தொலைந்த வாட்ச், இருந்ததிலேயே நல்ல வாட்ச். 100 மீட்டர், எஃகு உடல். வாரை உடலோடு பிணைக்கும் ஸ்பிரிங் பின் ஒன்று, கொஞ்ச நாளாகவே துருப்பிடித்து நின்றிருக்கிறது, நான் பார்க்கவில்லை. குண்டூசி அளவு பொருள். கடையில் ஒரு தேநீர்க் காசுக்குக் கிடைக்கும். வாட்சின் மற்ற எல்லாப் பலமும் அந்தப் பின்னின் பலம்தான்.

ஆகவே வாங்கும்போது வாரை இரண்டு பக்கமும் பிடித்து அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பின் மெல்லியது. வார் மாட்டும் இடத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 18, 20, 22 மில்லிமீட்டர் என்ற நேரான இடைவெளி என்றால் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் எந்தக் கடையிலும் வார் கிடைக்கும். உடலோடு ஒட்டி வளைந்த தனி வடிவ வார் என்றால், அது அறுந்த அன்று அதே மாடலின் வாரைத் தேடி அலைய வேண்டும்.

தோல் வார் நம்மூர் ஈரத்துக்கு ஆகாது, கல்யாணத்துக்குப் போடுங்கள். செயினின் கண்ணிகளில் மணலும் உப்பும் அடையும், கை மயிரையும் பிடுங்கும். பிளாஸ்டிக் வார் பால்வெட்டுக்கும் கடலுக்கும் நல்லது. சிக்கினால் அது அறுந்துகொடுப்பதும் நன்மைதான். ஏறி இறங்கும் வேலைக்கு ஒற்றைத் துண்டு நைலான் வார் நல்லது. 1973இல் பிரிட்டன் ராணுவம் தரப்படுத்திய வடிவம் இது. நேட்டோ வார் என்று விற்கிறார்கள். ஒரே பட்டை இரண்டு பின்களுக்கும் அடியில் ஓடுவதால், ஒரு பின் போனாலும் வாட்ச் கையிலேயே தொங்கும். வாரம் ஒருமுறை துவைக்காவிட்டால் நாறும். அது வாரின் குற்றமில்லை.

7. பார்த்தவுடன் தெரிய வேண்டும்

எண் பெரிதாக இருக்கட்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் கடையிலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டிப் படித்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் எண் வெள்ளையாகத் தெரியும் வகை அழகாக இருக்கும், மங்கிய வெளிச்சத்தில் காலை வாரும். இருட்டில் வேலை செய்கிறவர்கள் உள்ளங்கையால் மூடிக்கொண்டு விளக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். மற்றபடி திசைகாட்டி, இதயத்துடிப்பு, காலடிக் கணக்கெல்லாம் இந்த வேலைக்குத் தேவையில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கும் ஸ்மார்ட் வாட்சை நான் இந்தப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

8. எதை வாங்கலாம்?

ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்தது, இன்னும் விற்கிறது. 21 கிராம் எடை. செல் 7 ஆண்டு. மாதத்துக்கு அரை நிமிடத்துக்குள் பிசகும். கையில் கட்டியிருப்பதே தெரியாது. பால்வெட்டு, வயல், பைக் எல்லாவற்றுக்கும் போதும். இரண்டு குறைகள்: விளக்கு பேருக்குத்தான், பின்மூடியில் மீட்டர் கணக்கு இல்லை. கடலில் இறங்குகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்த படி, அதே நிறுவனத்தின் ஏஇ-1200. 100 மீட்டர், 10 ஆண்டு செல். இந்த மாவட்டத்தின் பெரும்பாலான கைகளுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். முள்தான் வேண்டும் என்றால் எம்ஆர்டபிள்யூ-200எச். இதுவும் 100 மீட்டர், கிழமையும் தேதியும் காட்டும்.

பல மடங்கு விலை கொடுக்க முடிந்தால் ஜி-ஷாக். 1983இல் வந்த வகை. கேசியோ பொறியாளர் கிகுவோ இபே, 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாமல், 10 பார் தாங்கி, 10 ஆண்டு செல்லோடு ஒரு வாட்ச் என்று இலக்கு வைத்து, சுமார் 200 மாதிரிகளை உடைத்துப் பார்த்துச் செய்தது. எந்திரம் உடலோடு ஒட்டாமல் சில புள்ளிகளில் மட்டும் தாங்கி நிற்பதுதான் சூட்சுமம். சதுர முகத்து டிடபிள்யூ-5600 போதும், 200 மீட்டர். மற்ற பெரிய வட்டங்கள் முழுக்கைச் சட்டைக்குள் போகாது.

நம் மாநிலத்து டைட்டனை விட்டுவிட்டதாக யாரும் கோபிக்க வேண்டாம். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், ஓசூரில் தயாரிக்கிறது. அதன் சொனாட்டா வாட்ச்கள் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் இருக்கும். அது பெரிய பலம். ஆனால் அவற்றில் பல 30 மீட்டர் வகை. பின்மூடியைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு விதி என் அனுபவத்தில் பொய்த்ததில்லை. அழுக்குப்படும் என்று கழற்றிவைக்கத் தோன்றும் விலையில் வேலைக்கான வாட்சை வாங்காதீர்கள்.

9. கடையில்

நாகர்கோவில் மணிமேடைப் பக்கத்துக் கடைகளில் கேட்டுவிட்டு, இணையத்தின் விலையையும் பாருங்கள். கன்னியாகுமரியில் சங்கு பாசி விற்கும் நடைபாதையில் ஜி-ஷாக் என்று எழுதியதை இருநூறு ரூபாய்க்குக் காட்டினால், அது எழுத்தில் மட்டும்தான் ஜி-ஷாக். இறக்குமதியான வாட்சின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். எஃப்-91டபிள்யூவுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வலப்பக்கப் பொத்தானை மூன்று நான்கு வினாடி அழுத்திப் பிடித்தால் திரையில் நிறுவனத்தின் பெயர் தோன்றும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழும்வரை பணத்தை எண்ணாதீர்கள்.

10. வாங்கிய பிறகு

கடலிலிருந்து வந்ததும் ஒரு குவளை நல்ல தண்ணீரில் வாட்சை ஐந்து நிமிடம் போட்டு, துடைத்து, நிழலில் காயவிடுங்கள். பால்வெட்டு முடிந்ததும் ஆசிட் தெறித்த இடத்தைக் கழுவுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாரைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள். துரு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பர்ஸில் இரண்டு பின்கள் எப்போதும் இருக்கட்டும்.

செல் மாற்றுவது பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. இழுப்பறையின் நான்காவது வாட்சை நான் கொடுத்த கடையில், ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைக்காமல் மூடியை அழுத்தியிருக்கிறார்கள். வேறொரு கடையில் அதைத் திறந்த பெரியவர் நசுங்கிய வளையத்தை இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

“மக்களே, செல் மாற்றச் சொன்னீர்களா, வளையம் மாற்றச் சொன்னீர்களா?”

“செல் மட்டும்தான் சொன்னேன்.”

“அவரும் செல்லை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்.”

அதன் பிறகு நான் எந்தக் கடையிலும் மூன்றையும் சேர்த்தே கேட்கிறேன்: செல், வளையம், வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ். முள் வாட்ச் என்றால் எஸ்ஆர் என்று தொடங்கும் சில்வர் ஆக்சைடு செல்லைக் கேளுங்கள். எல்ஆர் என்று தொடங்கும் மலிவான ஆல்கலைன் செல் அதே இடத்தில் உட்காரும், சில மாதம் ஓடும், பிறகு கசிந்து எந்திரத்தையே தின்னவும் கூடும். 100 மீட்டருக்கு மேற்பட்ட வாட்ச் என்றால், அழுத்தச் சோதனை செய்யும் கருவியுள்ள சேவை மையத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

கண்ணாடிக்குள் ஆவி தெரிந்தால் வெயிலில் வைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே திறந்து உலர்த்தி வளையத்தை மாற்ற வேண்டும். போனது கடல் தண்ணீர் என்றால் இன்னும் அவசரம். முதல் வேலை செல்லை வெளியே எடுப்பது. விலையுயர்ந்த வாட்சாக இருந்தால் பழுது பார்க்கலாம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வாட்ச் என்றால் வாரையும் பின்களையும் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தை இழுப்பறையில் போடுங்கள்.